முள்ளில்லாத ஒற்றைச் செடி

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி. ஒன்றேகால் ஏக்கர் நிலம், பாதிக்குமேல் முள்ளுக் கத்தரிதான். விதை கடையில் வாங்குவதில்லை. போன பட்டத்துக் காயிலிருந்து நானே எடுத்துக்கொள்வேன். இந்தத் தடவை நானூறு செடியில் ஒரே ஒரு செடி மட்டும் முள்ளே இல்லாமல் நிற்கிறது. தண்டிலும் இல்லை, காம்பிலும் இல்லை. பிடுங்கிப் போடு என்கிறார் என் அண்ணன். பறிக்கச் சுலபம், விதைக்கு விடு என்கிறாள் என் மனைவி. பன்னிரண்டாவது படிக்கும் மகளைக் கேட்டால், "ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்கும்பா" என்கிறாள். எல்லா உயிருக்கும் நாலே எழுத்துதானாம், எனக்கும் கத்தரிச்செடிக்கும் அதே நாலுதானாம். நாலு எழுத்தை வைத்துக்கொண்டு ஆடு, மாடு, வேப்பமரம், மனுஷன் எல்லாம் எப்படி வரும்? என்னைக் கேலி செய்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. செடியை என்ன செய்யட்டும்?

— ஒரு விவசாயி, வேலூர் மாவட்டம்

பதில்:

செடியைப் பிடுங்காதீர்கள். மற்றதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அண்ணன் கையை வைத்துவிடப் போகிறார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் விதையை மற்ற விதையோடு கலக்கவும் வேண்டாம். ஏன் என்று கேட்டால், பாப்பா சொன்ன அந்த நாலு எழுத்து வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அவள் கேலி செய்யவில்லை. நாலு எழுத்து விஷயம் முழுக்கச் சரி. உங்கள் செடியைப் பற்றி அவள் சொன்னதில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

அந்த எழுத்துகள் நான்கு ரசாயனப் பொருள்கள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் இவை மாறி மாறி வரிசையாகக் கோத்திருக்கின்றன. உங்கள் உடம்பில் இருப்பதும் இவைதான், கத்தரியில் இருப்பதும் இவைதான். நம்ப முடியவில்லை என்றால், உங்கள் தெருவில் சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர் யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தை மனித உடம்பிலிருந்து எடுப்பதில்லை. மனிதனின் இன்சுலின் எழுத்து வரிசையைப் பாக்டீரியாவுக்குள்ளோ ஈஸ்ட்டுக்குள்ளோ வைத்துத் தொட்டியில் வளர்க்கிறார்கள். அது அந்த வரிசையைப் பிழையில்லாமல் படித்து, நமக்கு ஊறுவது போன்ற இன்சுலினையே செய்து தருகிறது. 1982 முதல் இப்படித்தான் விற்பனைக்கு வருகிறது. நம் எழுத்தை ஒரு கிருமியால் படிக்க முடிகிறது என்றால் இருவருக்கும் ஒரே எழுத்து என்றுதானே ஆகிறது?

சரி, எழுத்து ஒன்று. அப்புறம் எப்படி இத்தனை உருவம்?

ஆரணியில் என் பெரியப்பா வீட்டில் பட்டுத்தறி இருந்தது. தறிக்கு மேலே ஜக்கார்ட் பெட்டி, அதில் சங்கிலி மாதிரி கோத்துத் தொங்கும் அட்டைகள். அட்டையில் ஓட்டை இருந்தால் பாவு நூல் மேலே தூக்கும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. இருப்பது இந்த இரண்டே எழுத்துதான். அதில்தான் மயிலும் மாங்காயும் கோபுரக் கரையும் வரும். நூலும் அதேதான், தறியும் அதேதான். அட்டையின் வரிசையை மாற்றினால் வேறு புடவை. சின்ன வயதில் ஒரு நாள் அட்டைகளை விளையாட்டாக இடம் மாற்றிக் கோத்துவிட்டு வாங்கிய உதை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. மரபியல் பாடம் எனக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று பின்னால் வகுப்பில் சொல்வேன்.

இரண்டு எழுத்திலேயே அவ்வளவு என்றால் நாலு எழுத்துக்குக் கேட்கவே வேண்டாம். பத்து இடத்தில் நாலு எழுத்தை வைத்தால் 10,48,576 வரிசைகள் கிடைக்கும். இருபது இடம் என்றால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். உங்கள் கத்தரிச்செடியில் இருப்பது இருபது இடமில்லை, 100 கோடிக்கும் மேல். உங்களுக்கு ஏறக்குறைய 310 கோடி. உடனே நாம் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், வெங்காயத்துக்கு நம்மைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது. மரபணு என்பது இந்த இழையில் ஒரு வேலைக்கான துண்டு. அந்த மரபணுக்களின் எண்ணிக்கையிலும் நமக்குப் பெருமையில்லை. நமக்குச் சுமார் 20,000, கத்தரிக்கு 30,000-க்கு மேல். எழுத்து நிறைய இருந்தால் பெரிய உயிர் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்த எழுத்துகளை உடம்பு மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. நாலு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 64 வரும். அதில் மூன்று சொல் முற்றுப்புள்ளி. மீதி 61-ம் சேர்ந்து 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. அவற்றை மணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 மணிகளை எந்த வரிசையில் கோப்பது என்பதுதான் மரபணுவில் எழுதியிருக்கிறது. கோத்து முடித்த மாலைதான் புரதம். மாலை தானாக மடிந்து ஓர் உருவத்துக்கு வரும், அந்த உருவம்தான் வேலை செய்யும்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டையில் பதனிடும் ஆட்டுத்தோலுக்கு உறுதி கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று மாலைகளை முறுக்கிய கயிறு அது. ஒவ்வொரு மாலையிலும் மூன்று மணிக்கு ஒன்று தவறாமல் கிளைசின் என்ற அமினோ அமிலம். இருப்பதிலேயே மிகச் சின்ன மணி அதுதான், கயிற்றின் நடுவில் அது மட்டும்தான் அடங்கும். இந்த முப்புரிக் கயிற்றின் வடிவத்தை 1954-ல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் தோலிலும் எலும்பிலும் இருப்பது இதே கொலாஜன். ஓர் எழுத்து பிசகி, ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெரிய மணி வந்து உட்கார்ந்தால் கயிறு சரியாக முறுக்காது. தடுக்கி விழுந்தாலே எலும்பு முறியும் குழந்தைகள் சிலருக்கு இதுதான் காரணம்.

ஆனால் இதோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் ஆகும். கத்தரியின் வேரிலும் இலையிலும் முள்ளிலும் காயிலும் இருப்பது அதே 100 கோடி எழுத்து, வித்தியாசம் அநேகமாக இல்லை. பிறகு ஏன் வேர் வேராகவும் காய் காயாகவும் இருக்கின்றன? எந்தப் பக்கத்தை எங்கே திறப்பது, எப்போது மூடுவது என்பதும் அந்த எழுத்திலேயே எழுதியிருப்பதால்தான். வீட்டில் எல்லா அறைக்கும் ஒரே கரண்ட் லைன்தான், எந்த அறையில் எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்பதுதான் வேறு. மனிதனின் 310 கோடியில் புரதத்துக்கான எழுத்து நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மீதியில் ஒரு பகுதி இந்த ஸ்விட்சுகள். உயிர்களின் வேறுபாட்டில் பெரும்பங்கு புதுப் புரதத்தால் வருவதில்லை, பழைய புரதத்தைப் புது இடத்தில், புது நேரத்தில் போடுவதால்தான் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

1995-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கேரிங் என்பவரின் ஆய்வகத்தில் ஒரு வேலை செய்தார்கள். எலிக்குக் கண் வளரக் காரணமான மரபணுவை ஒரு பழ ஈயின் காலில் வேலை செய்ய விட்டார்கள். காலில் கண் முளைத்தது. முளைத்தது எலிக் கண் இல்லை, ஈயின் கண். அந்த மரபணு சொன்னது "இங்கே கண் வை" என்பதை மட்டும்தான். எப்படிப்பட்ட கண் என்பதை ஈயின் மற்ற எழுத்துகள் பார்த்துக்கொண்டன. பாப்பாவிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது முள்ளுக்கு வருவோம். புது மரபணு வெட்டவெளியிலிருந்து வருவது அபூர்வம். பெரும்பாலும் பழையதை நகல் எடுக்கும்போது இரண்டு பிரதியாகிவிடும். ஆரணியில் அட்டை அடிப்பவரும் இதைத்தான் செய்வார். ஓடிக்கொண்டிருக்கும் கரையின் அட்டையைத் தொட மாட்டார். அதற்கு ஒரு நகல் போட்டு, நகலில் நாலு ஓட்டையை மாற்றிப் பார்ப்பார். கெட்டுப்போனாலும் பழையது பத்திரமாக இருக்கும், சரியாக வந்தால் புதுக் கரை. என்ன, அங்கே மாற்றுகிறவர் ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார். செடியில் அப்படி யாருமில்லை. நகல் எடுப்பதில் பிழை தானாக நேர்கிறது. எது நிற்கும் என்பதை வெயிலும் பூச்சியும் ஆட்டின் வாயும் விதைக்குக் காய் விடுகிற உங்களைப் போன்றவரின் கண்ணும் முடிவு செய்கின்றன.

செடிகளில் செல் பெருகுவதற்கான ஹார்மோனைச் செய்கிற மரபணுக் குடும்பம் ஒன்று உண்டு. எல்லாச் செடிக்கும் அது தேவை. அந்தக் குடும்பத்தில் ஒன்றைத்தான் கத்தரியினம் முள் வளர்க்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. முள்ளில்லாத கத்தரி வகைகளில் அந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது என்று 2024-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ரோஜா முள்ளுக்கும் இதே குடும்பம்தான் காரணமாம். கத்தரிக்கும் ரோஜாவுக்கும் கிட்டத்து உறவே கிடையாது. இரண்டும் தனித்தனியாக ஒரே பழைய சாமானை எடுத்து ஒரே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கின்றன. (எலுமிச்சை முள்ளை இதில் சேர்க்காதீர்கள். அது உருமாறிய கிளை. கத்தரி முள்ளும் ரோஜா முள்ளும் தோலிலிருந்து வருபவை.)

உங்கள் கத்தரியின் சொந்தக்காரர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்திரி. இத்தனையும் சொலானம் என்ற ஒரே பேரினம். ஒன்று மண்ணுக்குள் கிழங்கு வைக்கிறது, ஒன்று ரசத்துக்குப் பழம் தருகிறது, ஒன்று சளிக்குத் துவையல் ஆகிறது, ஒன்று வேலியோரம் தரையோடு படர்ந்து காலைக் குத்துகிறது. டிஎன்ஏ இழை செல்லுக்குள் தனித்தனித் துண்டுகளாகச் சுருண்டிருக்கும், அவைதான் குரோமோசோம். கத்தரிக்கும் தக்காளிக்கும் 12 ஜோடிக் குரோமோசோம். உருளைக்கிழங்குக்கும் அதே 12 வகைதான், ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டுக்குப் பதில் நாலு பிரதி, ஆக 48. ஒரு மூதாதையிடமிருந்து வந்த எழுத்தை நகல் எடுத்து, பிழைவிட்டு, ஸ்விட்சை இடம் மாற்றி, ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஓட்டியதில் கிடைத்த குடும்பம் இது. வேப்பமரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பதும் இதே வேலைதான், காலம் மட்டும் 100 கோடி ஆண்டுக்கு மேல்.

சரி, உங்கள் செடி. ஓர் எழுத்து மாறி முள் போயிருக்கலாம் என்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது கருவண்டை.

கத்தரிப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்தால் ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியிலும் அப்பன் வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று வரும் இரண்டு பிரதியும் ஒன்றுபோலாகிவிடும். சாதாரணமாக 12 ஜோடியைக் கலைத்துப் போட்டால் 4,096 விதமான மகரந்தம் வரலாம். ஆனால் இரண்டு சீட்டுக்கட்டும் ஒரே சீட்டாக இருந்தால் எவ்வளவு கலைத்தாலும் ஒரே கைதானே வரும்? உங்கள் நானூறு செடியும் அச்சில் வார்த்த மாதிரி இருப்பது இதனால்தான். மனிதரிடம் இரண்டு கட்டும் வேறு வேறு, 23 ஜோடி. ஒருவரிடமிருந்தே 83,88,608 கை. உங்கள் பிள்ளைகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாததற்கு இதுதான் காரணம்.

இப்போது பக்கத்துக் கொல்லையில் யாரோ முள்ளில்லாத வீரிய ஒட்டுக் கத்தரி போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியின் மகரந்தப் பையில் நுனியில் சின்னத் துவாரம்தான் இருக்கும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ஙொய்' என்று உடம்பை அதிர வைத்தால் உள்ளிருந்து பொடி நன்றாகக் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அந்தப் பொடியோடு வண்டு உங்கள் கொல்லைக்கு வருகிறது. உங்கள் காயில் ஒரு விதை கலப்பாகிறது. அதை விதைத்தீர்கள், செடி முள்ளோடுதான் வந்தது. ஏனென்றால் முள் மரபணுவில் நல்ல பிரதி ஒன்று இருந்தாலே முள் வந்துவிடும். நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தச் செடியின் காயும் விதைக்குப் போயிருக்கிறது. இந்தப் பட்டத்தில் அதன் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இரண்டு பழுதான பிரதியும் சேர்ந்து வந்து, முள் காணாமல் போகும். மரபியலைத் தொடங்கி வைத்த மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்த அதே நாலில் ஒன்று.

எது நடந்தது என்று இப்போதே கொஞ்சம் துப்பு எடுக்கலாம். மற்ற செடிகளில் காயின் நிறமோ வடிவமோ வழக்கத்துக்கு மாறாக இருப்பவை ஒன்றிரண்டு இருக்கின்றனவா என்று வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். இருந்தால் வண்டின் வேலைதான், அவையெல்லாம் இதன் உடன்பிறப்புகள். கலப்பு என்றால் மொத்தக் கட்டும் கலந்திருக்கும், முள் மட்டும் மாறி நிற்காது.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் அடுத்த பட்டம் வரை பொறுக்க வேண்டும். முள்ளில்லாத செடியில் நாளைக்கு விரியப்போகிற மொட்டாகப் பார்த்து, பட்டர் பேப்பர் உறையோ மெல்லிய துணிப்பையோ போட்டுக் கட்டிவிடுங்கள். பூ விரிந்த பிறகு காலையில் இரண்டு நாள் காம்பை விரலால் லேசாகச் சுண்டுங்கள், வண்டின் வேலையை நீங்களே செய்ததாகும். பிஞ்சு பிடித்ததும் உறையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். ஐந்தாறு காய் போதும். மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தித் தனிப் பொட்டலத்தில் போடுங்கள். ஐம்பது செடியாவது நடுங்கள். எதிலும் முள் இருக்காது, அதில் ஆச்சரியமில்லை. காயைப் பாருங்கள். ஒன்று நீளம், ஒன்று உருண்டை, நிறம் ஆளுக்கொன்று என்று வந்தால் வண்டு. ஐம்பதும் முள்ளைத் தவிர மற்றதெல்லாம் இலவம்பாடிக் காயாகவே வந்தால், பாப்பா சொன்னதுதான் சரி, நான் தோற்றேன். அந்த விதையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். அது சாமான்யமான பொருளில்லை.

அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே வேலூர் முள்ளுக் கத்தரி என்ற பெயரில்தான். சந்தையில் காம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முள்ளில்லாததை அதே கூடையில் போட்டால், உங்கள் ஒரு கொல்லைக்காக ஊர்ப் பெயர் கெடும். அதனால் வழக்கமான விதைக்கும் இந்தத் தடவை ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். எந்த முள்செடி அந்தப் பழுதான பிரதியை ஒளித்து வைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முள்ளும் காயும் குணமாக இருக்கும் பதினைந்து செடியில் பூவுக்கு உறை போட்டு, செடிக்கு ஒரு பொட்டலமாக விதை எடுத்து, பொட்டலத்துக்கு ஒரு வரிசையாக நடுங்கள். எந்த வரிசையில் முள்ளில்லாதது ஒன்று தலைகாட்டுகிறதோ, அந்த வரிசையிலிருந்து விதைக்கு எடுக்க வேண்டாம். காயை விற்றுக்கொள்ளலாம், ருசியில் குறையிருக்காது.

உங்கள் மனைவி சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம், முள் குத்துவது பறிக்கிறவர் கையில். அந்த ஐம்பது செடிக் காயை ஒரு நாள் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து, எது முள்ளில்லாதது என்று சொல்லாமல் அண்ணனுக்குப் பரிமாறச் சொல்லுங்கள். அவர் வித்தியாசம் கண்டுபிடிக்கிறாரா என்று எனக்கும் எழுதுங்கள். கொல்லையில் எண்ணுகிற வேலை பாப்பாவுக்கு. ஒரு நோட்டில் முள், காயின் நிறம், காயின் வடிவம் என்று மூன்று பத்தி போட்டு, செடிக்கு ஒரு வரி எழுதி வைக்கட்டும்.